கடல்நீரும் புதுநீரும்: சவ்வு வெறும் சல்லடை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் புதுப்பிக்கும் புதுநீர் ஆலைகளிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும் இருக்கும் சவ்வை ‘மிக நுண்ணிய சல்லடை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். துணைப்பாட வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தரப்படுகிறது. உணவங்காடி நிலையத்தில் தேநீர் அருந்தியபடி பேசும் பெரியவர்களும் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தச் சல்லடை விளக்கம் போதாது என்று மட்டுமல்ல, தீங்கானது என்றும் கருதுகிறேன். சல்லடை என்றால் அதற்குச் செலவு எதுவும் இல்லை, ஊற்றினால் தானே இறங்கிவிடும் என்ற எண்ணம் வருகிறது. ஆகவே தண்ணீர்க் கட்டணம் ஏன் கூடியது என்பது விளங்காமல் போகிறது. சல்லடை என்றால் அதன் கண் சற்று அகன்றாலும் அழுக்கு இறங்கிவிடும் என்ற அச்சமும் வருகிறது. ஆகவே புதுநீரைப் பற்றிய அருவருப்பு இன்னும் சிலரிடம் நீங்காமல் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சவ்வூடு பரவல் என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது.

அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வடுமாங்காய் போடும் வீட்டில் எல்லாரும் பார்த்ததுதான். காம்போடு பறித்த பிஞ்சு மாங்காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஜாடியில் கல்லுப்போடு சேர்த்துக் குலுக்கி வைக்கிறோம். அந்த ஜாடியில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனாலும் ஓரிரு நாளில் அடியில் நீர் சேர்கிறது, பிறகு மாங்காய்கள் அதில் முங்கும் அளவுக்கு உயர்கிறது. வழவழப்பாக இருந்த தோல் சுருக்கம் விழுந்து தளர்கிறது. பிழியாமலும் நசுக்காமலும் மாங்காய்க்குள் இருந்த நீர் வெளியே வந்துவிட்டது. அதன் ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு நீரைப் போகவிடுகிறது, உப்பை எளிதில் உள்ளே விடுவதில்லை. சவ்வு உயிரோடு இருக்கும் வரைதான் இந்தக் காவல். நாள்பட உப்பின் கடுமையில் அது சிதைந்தபின் உப்பும் உள்ளே புகுந்து, மாங்காய் நடுக்கொட்டை வரை உப்பேறுகிறது.

இங்கே ‘உப்பு தண்ணீரை உறிஞ்சுகிறது’ என்று சொல்வது நம் வழக்கம். சமையலறைக்கு அது போதும், அறிவியலுக்குப் போதாது. சவ்வின் இரு பக்கமும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டும் கடந்துகொண்டும் இருக்கின்றன, இப்பக்கத்திலிருந்து அப்பக்கம், அப்பக்கத்திலிருந்து இப்பக்கம். இரு பக்கமும் தூய நீராக இருந்தால் போவதும் வருவதும் சமமாகி, வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். ஒரு பக்கத்தில் உப்போ சர்க்கரையோ கரைந்துவிட்டால், அந்தப் பக்கத்து நீருக்கு அங்கிருந்து வெளியேறும் நாட்டம் குறைந்துவிடுகிறது. தூய பக்கத்திலிருந்து வருவது முன்போலவே வந்துகொண்டிருக்க, கரைசல் பக்கத்திலிருந்து திரும்பிப் போவது மட்டும் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் நாம் நீரோட்டமாகக் காண்கிறோம். எந்தக் கையும் எதையும் இழுப்பதில்லை. இரு வழிப் போக்குவரத்தில் ஒரு வழி மெலிந்துபோவதே சவ்வூடு பரவல்.

1748இல் பிரான்சின் நொலே என்பவர் சாராயம் நிறைத்த குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி, நீரில் அமிழ்த்தி வைத்தார். தோல் உப்பிப் புடைத்தது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்தது பீறிட்டது. நீர் உள்ளே போகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எவ்வளவு வலுவோடு போகிறது என்பதை அளக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியின் தாவரவியலாளர் பெஃபர், நுண்துளைகள் கொண்ட மண்பாண்டத்தின் சுவருக்குள்ளேயே ஒரு செயற்கைச் சவ்வு படியும்படி செய்து, உள்ளே சர்க்கரைக் கரைசலை நிரப்பி, ஏறிய அழுத்தத்தை அளந்து 1877இல் வெளியிட்டார். அந்த அளவுகளை வைத்து நெதர்லாந்து வேதியியலாளர் வான்ட் ஹாஃப் ஓர் எளிய விதியைக் கண்டார். நீர்த்த கரைசலில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது கரைந்த பொருள் எது என்பது அன்று, எத்தனை துகள்கள் கரைந்துள்ளன என்பதே. சமையல் உப்பு நீரில் இரண்டாகப் பிரிவதால் அதன் ஒரு பங்கு இரண்டு பங்காக வேலை செய்கிறது. 1901இல் வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது, இந்தப் பணியையும் சேர்த்தே.

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடுபடுவது இந்த அழுத்தம்தான். கரைசல் பக்கத்தை அழுத்தினால் அங்குள்ள நீரின் வெளியேறும் நாட்டம் கூடுகிறது. சரியான அளவு அழுத்தினால் போவதும் வருவதும் மீண்டும் சமமாகி, ஓட்டம் நின்றுவிடும். அந்த நிறுத்தும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கும். மழை மிகுந்த நம் கரையோரங்களில் சற்றுக் குறையலாம். அத்தகைய கடல்நீருக்கு இந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அது எவ்வளவு பெரியது என்று அறிய நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேசில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். அங்குள்ள மிக உயரமான கோபுரங்கள் சுமார் 280 மீட்டர். ஏறத்தாழ அவ்வளவு உயரத்துக்கு ஒரு குழாயை நட்டு, அது முழுக்க நீர் நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அதுதான் கடல்நீரை வெறுமனே ‘நிறுத்தி வைக்க’த் தேவைப்படும் அழுத்தம். அதையும் மிஞ்சி அழுத்தினால்தான் நீர் எதிர்த்திசையில் திரும்பி, உப்பை விட்டுவிட்டுச் சவ்வைக் கடந்து வரும். அதுவே எதிர் சவ்வூடு பரவல். அங்கும் கணக்கு முடியவில்லை. நல்ல நீர் பிரியப் பிரிய எஞ்சிய நீர் மேலும் உவர்ப்பாகி, அதன் அழுத்தமும் ஏறுகிறது. பாதி நீரைப் பிரித்தெடுத்தால் உப்பின் செறிவு இரட்டிப்பாகிவிடும். எனவேதான் கடல்நீர் ஆலைகளின் விசைப்பம்புகள் காற்றழுத்தத்தைப் போல 55 முதல் 70 மடங்கு அழுத்தத்தில் இயங்குகின்றன.

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருந்தும், அதைத் தொழிலாக்க ஏற்ற சவ்வு நெடுங்காலம் கிடைக்கவில்லை. செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுக்கும் என்பது 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தெரிந்துவிட்டது. ஆனால் அதன் வழியே நீர் கசிந்த வேகம் எதற்கும் உதவாத அளவுக்குக் குறைவு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். படலம் முழுவதும் அடர்த்தியாக இருக்க வேண்டியதில்லை, மேலே மிக மெல்லிய அடர்ந்த தோலும் அதற்குக் கீழே தாங்கிநிற்கப் பஞ்சு போன்ற தளர்ந்த அடுக்கும் இருந்தால் போதும் என்று அவர்கள் செய்து காட்டிய பிறகே நீர் பயன்படும் வேகத்தில் வரத் தொடங்கியது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது. இன்று உலகெங்கும் பயன்படும் பாலிஅமைடு சவ்வுகள் வேறு பொருளால் ஆனவை என்றாலும், மெல்லிய தோலும் தாங்கும் அடுக்கும் என்ற அமைப்பு மாறவில்லை. சௌரிராஜன் என்ற பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தண்ணீருக்காக இத்தனை பாடுபடும் இந்நாட்டில் அது தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

இனிச் சல்லடைக்கு வருகிறேன். புதுநீர் ஆலையின் முதற்கட்டம் உண்மையிலேயே சல்லடைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நுண்வடிகட்டிகள் மிதக்கும் துகள்களையும் நுண்ணுயிர்களையும் அளவைப் பார்த்தே தடுக்கின்றன. குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். இரண்டாம் கட்டமான எதிர் சவ்வூடு பரவலில் அதே விளக்கம் செல்லாது. உப்பிலுள்ள சோடியம் அயனியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது நீர் மூலக்கூறைவிடச் சிறியது. கண்ணின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், நீர் போகும் வழியில் சோடியம் அதைவிட எளிதாகப் போக வேண்டும். ஆனால் போவதில்லை. மின்னூட்டம் கொண்ட அந்த அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்வையோடு அது பெரிது, போர்வையைக் கழற்றவோ பெரும் ஆற்றல் வேண்டும், போதாததற்குச் சவ்வின் பரப்பிலுள்ள மின்னூட்டமும் அதற்கு இடையூறாகிறது. நீருக்கு இந்தத் தடைகள் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே தடிமனான அந்தத் தோலுக்குள், பாலிமர் இழைகளின் இடைவெளிகளில் புகுந்து நகர்ந்து, அது மறுபக்கம் சேர்ந்துவிடுகிறது. அந்த நகர்வின் நுட்பத்தை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆயினும் அளவு மட்டுமே காரணம் அன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதற்கு ஆலைகளே நாள்தோறும் சான்று தருகின்றன. கடல்நீரில் போரான் என்ற தனிமம் போரிக் அமிலமாகக் கரைந்திருக்கிறது. அதன் மூலக்கூறு நீர் மூலக்கூறைவிடப் பெரியது, போர்வை களைந்த சோடியத்தைவிடவும் பெரியது. ஆனாலும் அதற்கு மின்னூட்டம் இல்லாததால், உப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கும் அதே சவ்வு இதில் கணிசமான பகுதியைக் கடக்க விட்டுவிடுகிறது. அதனால் பல ஆலைகளில் நீரை இரண்டாம் முறையும் சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். அப்போது நீரின் காரத்தன்மையைக் கூட்டினால் போரிக் அமிலம் மின்னூட்டம் பெற்ற அயனியாக மாறி, முன்பு கடந்த சவ்விலேயே தடுக்கப்படுகிறது. சவ்வில் ஒரு துளையும் மாறவில்லை, மாறியது கரைந்திருந்த பொருளின் மின்னூட்டமே. சல்லடையை வைத்து இதை யாராலும் விளக்க முடியாது.

புதுநீரை அருந்தத் தயங்குவோருக்கு இது ஆறுதலாக இருக்க வேண்டும். பெடோக், கிராஞ்சி ஆகிய இடங்களில் 2003இல் தொடங்கிய அந்த ஆலைகளில் நுண்வடிகட்டல், எதிர் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என மூன்று கட்டங்கள் உள்ளன. நடுக்கட்டத்தில் அழுக்கு தடுக்கப்படுகிறது என்று சொல்வதைவிட, அழுக்கைப் பின்னே விட்டுவிட்டு நீர் மட்டும் தனியே எடுக்கப்படுகிறது என்று சொல்வது நடப்பதற்கு நெருக்கமானது. மிகத் தூய நீர் தேவைப்படும் மின்சில்லுத் தொழிற்சாலைகள் புதுநீரையே விரும்பி வாங்குகின்றன. வறண்ட காலங்களில் அது நீர்த்தேக்கங்களில் சேர்க்கப்பட்டு, மழைநீரோடு கலந்து, மீண்டும் ஒருமுறை சுத்திகரிக்கப்பட்ட பிறகே நம் குழாய்க்கு வருகிறது.

கட்டணத்தைப் பற்றி. 2024 ஏப்ரலில் 20 காசும் 2025 ஏப்ரலில் 30 காசுமாகக் கூடி, 1,000 லிட்டர் குடிநீரின் விலை 2 வெள்ளி 74 காசிலிருந்து 3 வெள்ளி 24 காசானது. ‘கடல் நம்மைச் சுற்றிலும் இருக்கிறது, வடிகட்டி எடுக்க இவ்வளவா?’ என்று கேட்பவர்களுக்கு நான் அந்த 280 மீட்டர் கோபுரத்தைத்தான் காட்டுகிறேன். 1,000 லிட்டர் நல்ல நீரைக் கடலிலிருந்து பிரிக்க, எந்த இழப்பும் இல்லாத உன்னத இயந்திரத்துக்கும் முக்கால் கிலோவாட்-மணி மின்சாரம் வேண்டும். பாதி நீரைப் பிரிப்பதென்றால் சுமார் 1 கிலோவாட்-மணி. இது பொறியாளரின் திறமைக் குறைவால் வருவது அன்று, இயற்கை விதித்த தளம். எத்தனை நல்ல சவ்வு வந்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. இப்போது நடைமுறையில் ஆவது சுமார் மூன்றரை கிலோவாட்-மணி. அதை 2 கிலோவாட்-மணிக்குக் கீழே கொண்டுவர, நாட்டின் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் முயல்கிறது. பயன்படுத்திய நீரில் கரைந்துள்ள உப்பு கடலில் உள்ளதில் மிகச் சிறு பங்கே என்பதால், புதுநீருக்குத் தேவையான அழுத்தமும் மின்சாரமும் வெகுவாகக் குறைகின்றன. கழிவுநீரைப் புதுப்பிப்பது கடலிடம் போவதைவிடச் சிக்கனமானது என்பதற்கு இதுவே காரணம். 2005இல் துவாசில் முதலாவதாகத் தொடங்கி இன்று ஐந்து கடல்நீர் ஆலைகள் வரை நாம் வந்திருப்பது, மழை பொய்த்தாலும், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிந்தாலும் தாகத்தில் தவிக்கக் கூடாது என்பதற்காக. அந்தக் காப்புறுதிக்குரிய செலவில் கணிசமான பகுதி அழுத்தத்தின் செலவு என்று தெரிந்தால், கட்டணத்தை ஏற்பதோ எதிர்ப்பதோ, எதுவானாலும் விவரம் தெரிந்து செய்யலாம்.

இந்த அறிவு நம் உடலுக்கும் வேண்டியது. மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது தற்செயலன்று. தூய நீரை அப்படியே ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நீர் புகுந்து அவை உப்பி வெடித்துவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் சிலர் வீட்டிலேயே வயிற்றுவழி இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார்கள். என் நெருங்கிய நண்பரின் மனைவி அவர்களுள் ஒருவர். சர்க்கரை கலந்த நீரைப் பையிலிருந்து வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, வெளிவந்த பையைத் தராசில் நிறுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். உள்ளே போனது 2 லிட்டர், வெளியே வருவது அதைவிடக் கூடுதல். உடலில் தேங்கிய நீர் வயிற்றறையின் உட்சவ்வைக் கடந்து சர்க்கரை நீர்ப் பக்கம் வந்துவிட்டதே அந்தக் கூடுதல். சர்க்கரைச் செறிவு 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று பைகள் வெவ்வேறாக இருப்பது ஏன், கால் வீங்கிய நாளில் செறிவு கூடிய பையைத் தாதி ஏன் சொல்கிறார் என்பதெல்லாம் அவருக்கு முதலில் மனப்பாடமாக மட்டுமே இருந்தன. வடுமாங்காய் ஜாடியைச் சொல்லி விளக்கியபோது, அவரே மீதியைச் சொல்லி முடித்தார்.

இங்கே இயற்கையின் எதிர் சவ்வூடு பரவலைப் பார்க்க விரும்புவோர் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போகலாம். அங்குள்ள கண்டல் மரங்கள் உவர்நீரில் வேரூன்றி நிற்கின்றன. அவற்றில் பல, இலைகளில் நீர் ஆவியாவதால் தண்டுக்குள் உண்டாகும் கடும் இழுவிசையைக் கொண்டே, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே விட்டுவிட்டு நல்ல நீரை மேலேற்றுகின்றன. நம் ஆலைகள் பம்பால் அழுத்திச் செய்வதை இவை மேலிருந்து இழுத்துச் செய்கின்றன. வெண்கண்டல் வகைகள் தப்பிவந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றும். வெயில் நாளில் அந்த இலையில் வெண்பொடியாகப் படிந்திருப்பது அதுதான்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பக்கங்களில் சவ்வூடு பரவலைப் பற்றி எழுதும்போது, உப்புப் பக்கம் நோக்கி ஒற்றை அம்புக்குறி மட்டும் போடாமல், இரு திசைக்கும் அம்புகள் வரைந்து, ஒன்றை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் காட்டும்படி ஓவியரிடம் சொல்லுங்கள். அருகில் அதே படத்தை மீண்டும் வரைந்து, கரைசல் பக்கத்தில் ஓர் அழுத்தமானியையும் சேர்த்து, அது 27ஐக் காட்டும்போது அம்புகள் சமமாவதையும், 60ஐக் காட்டும்போது நீளமும் குட்டையும் இடம் மாறுவதையும் காட்டலாம். அப்படி ஒரு படம் வெளிவந்தால், எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்து வரும் தாத்தா பாட்டிகளுக்கும் அதை வைத்து விளக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
ஈசூன்